கடைசிச் சாண் தண்ணீர்

டீச்சர் கரும்பலகையில் மூன்றே வரி எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார். வகுப்பு முழுக்கப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருந்தது. மீதி வரவில்லை. கையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டு, மேசை விளிம்பில் சாய்ந்து நின்றபடி அவர் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘உங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டே போகும் ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அளந்து எழுதுங்கள். ஏன் அப்படிக் குறைகிறது என்று உங்களுக்குத் தோன்றுவதையும் எழுதுங்கள்.’

அவ்வளவுதான். எண் இல்லை, சூத்திரம் இல்லை, ‘எனில்’ இல்லை, ‘காண்க’ இல்லை.

“டீச்சர், கணக்கு எங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஜெராக்ஸ் கேட்டான். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் இருப்பவன். இதுவரை ஒரு வீட்டுப்பாடத்தையும் சொந்தமாகச் செய்ததில்லை என்பதால் வகுப்பு வைத்த பெயர் அது. அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

“கணக்கு உங்ககிட்டதான் இருக்கு. நீங்கதான் கொண்டுவரணும்.”

“சரி, விடையாவது சொல்லிடுங்க.”

“எனக்கும் தெரியாதே.”

வகுப்பு சிரித்தது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காகத் தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் மாலை வகுப்பு அது. பிட்டர், வெல்டர், குளிர்பெட்டி ரிப்பேர்காரர் என்று ஆளுக்கொரு வாடையோடு வந்து உட்கார்வார்கள். கிரீஸ், சுட்ட இரும்பு, கொஞ்சம் தூக்கம். சோப்பு வாடை அடித்தால் அது கொக்கி. அவன் மட்டும் சிரிக்கவில்லை. திறந்த பேனாவோடு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி விரிப்புகளையும் ஓட்டல் துண்டுகளையும் மூட்டை மூட்டையாக வெளுத்து அனுப்பும் சலவை ஆலையில் அவனுக்கு வேலை. ஈரத்துணி மூட்டையை இரும்புக் கொக்கி போட்டு இழுத்து ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறவன். சாயங்காலமானால் அலசுத் தொட்டியை வடியவிட்டு உள்ளே இறங்கித் தேய்க்கிறவன். ஈரத்துணிக்கு இரக்கம் கிடையாது. காய்ந்தால் காற்றில் பறக்கிற விரிப்பு, நனைந்தால் பிணம் மாதிரி கனக்கும். இழுத்து இழுத்து வலது தோள் போய்விட்டது. சட்டை மாட்டும்போது மனைவி கையைப் பிடித்து நுழைத்துவிட வேண்டியிருந்தது. ஆலையில் உட்கார்ந்தபடியே மெஷின்களை இயக்கும் பேனல் ரூம் என்று ஒன்று உண்டு. கண்ணாடிச் சுவர், சுழலும் நாற்காலி, பொத்தான்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறார். “இந்த கோர்ஸை முடிச்சிட்டு வா. கணக்குல பாஸ்னு பேப்பர் காட்டு. அப்புறம் நான் பேசறேன்” என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் பாதி மதிப்பெண் வீட்டுப்பாடத்துக்கு.

கொக்கிக்கு எழுத்தே கல்யாணத்துக்குப் பிறகு வந்ததுதான். பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்து, வருகிற பஸ்ஸின் போர்டையெல்லாம் காட்டிக் காட்டி மனைவி சொல்லிக்கொடுத்தாள். எழுத்தைவிட எண் சுலபமாக வந்தது. இந்த வகுப்பில் முதல் முதலாக அவன் செய்த கணக்குக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் விழுந்தபோது, பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தான். வீட்டில் காட்டினான். “பரவாயில்லையே, நீங்க செஞ்சதையும் சரின்னு சொல்ல ஒரு ஆள் இருக்காங்களே” என்றாள் அவள். அன்றிலிருந்து அவனுக்கு டிக் என்றால் உயிர். கொடுத்த எண்ணைக் கொடுத்த சூத்திரத்தில் போட்டால் வழி தானாக வரும். இருட்டில் படியேறுகிறவனுக்குக் கைப்பிடிக் கம்பி மாதிரி. இப்போது அந்தக் கம்பியைத்தான் டீச்சர் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

வீட்டில் மனைவி கடைக்காகக் கால்சட்டைகளுக்கு அடிமடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். கொக்கி தாளை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

“குறைஞ்சுக்கிட்டே போறதா? உங்க தலைமுடி இருக்கே.”

“அது போய்ச் சேர்ந்தாச்சு. போயிக்கிட்டே இருக்கிறது வேணுமாம்.”

“அப்ப என் பொறுமையை எழுதுங்க.”

“அதை எதால அளக்கறது?”

“இந்தா, இதால” என்று அளவு நாடாவை அவன் மேல் விட்டெறிந்தாள்.

நாடா மடியில் விழுந்ததும் அவனுக்கு அலசுத் தொட்டி நினைவுக்கு வந்தது. தரைக்குள் இறக்கிக் கட்டிய ஆள் உயரத் தொட்டி. தினம் சாயங்காலம் அடியில் உள்ள வடிகால் திறப்பைத் திறந்தால் தண்ணீர் இறங்கும். இறங்கி முடிந்தால் தேய்க்கலாம். இதற்குப் போய் நின்று வேறு பார்க்க வேண்டுமா? தினமும் பார்க்கிற மூஞ்சிதானே. முழுத் தொட்டி வடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம். உயரத்தைச் சமமாகப் பிரித்தான், நேரத்தைச் சமமாகப் பிரித்தான், கட்டம் போட்டு எழுதினான். கிராப் தாளில் புள்ளி வைத்து ஸ்கேலால் இழுத்தபோது எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் சொன்னபடி கேட்டன. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி ஒரு கோடு. கடைசியில், ‘திறப்பு திறந்திருப்பதால் தண்ணீர் குறைகிறது’ என்று காரணமும் எழுதினான். மனைவி தலையை நீட்டிப் பார்த்து, “அழகா இருக்கு” என்றாள். அவள் ஒரு மடிப்பைப் பார்த்து அழகு என்று சொன்னால் அதில் ஒரு தையல்கூட விலகியிருக்காது. அதனால் கொக்கிக்குப் பெருமையாக இருந்தது.

வேலை பார்க்கிற இடத்தைப் பற்றி எழுதினால் அங்கே உள்ள மேலாளின் கையெழுத்து வேண்டும் என்பது கல்லூரி விதி. சூப்பர்வைசர் மடித்த தாளை முழுதாக விரிக்கக்கூட இல்லை. அடியில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வகுப்பில் டீச்சர் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். முதலில் மூன்று தாளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜெராக்ஸைப் பார்த்தார்.

“மூணு பேர் வீட்டுலயும் கொசுவத்திச் சுருளைத்தான் அளந்திருக்கீங்க. நல்லது. ஆனா மூணு வீட்டுலயும் சுருள் ஒரே எடத்துல ஒடைஞ்சு விழுந்து அணைஞ்சிருக்கே, அது எப்படி?”

ஜெராக்ஸ் எழுந்து நின்றான். “ஒரே கம்பெனி சுருள் டீச்சர்.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. டீச்சரும் சிரித்தார். பிறகு, திட்டுவார் என்று பார்த்தால், “சரி, உள்சுத்துக்கு வரவர ஒரு சுத்து சீக்கிரமா முடிஞ்சிடுதுன்னு எழுதியிருக்கீங்க. நெருப்பு வேகமா ஓடுதா, இல்ல வேற ஏதாவதா?” என்று கேட்டார். ஜெராக்ஸ் விரலால் காற்றில் சுருள் போட்டுப் பார்த்தான். உட்கார மறந்துபோய் அப்படியே நின்றான்.

கொக்கியின் தாள் வந்தது. டிக் இல்லை. கோடு முழுக்க வெறிச்சென்று கிடந்தது. கோடு தரையைத் தொடுகிற இடத்தில் மட்டும், பென்சிலால், சின்ன எழுத்தில்: ‘கடைசிச் சாண் தண்ணீர் இறங்கிய நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’

அவனுக்குக் காது மடல் சுட்டது. வகுப்பு கலையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு மேசைக்குப் போனான்.

“டீச்சர், இது சரியா, தப்பா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்கண்ணா?”

“நான் நினைச்சதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். சரின்னா டிக் போடுங்க, தப்புன்னா அடிச்சுடுங்க. கேள்விய எழுதிக் குடுத்தா நான் என்னத்த எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறது? இருக்கிற கேள்வி போதாதா எங்களுக்கு?”

சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்துவிட்டது தெரிந்தது. டீச்சருக்கு அவன் தங்கை வயதுகூட இருக்காது. அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து அவன் பக்கம் போட்டார், அவன் உட்காரவில்லை.

“என் புத்தகத்துல இருக்கிற தொட்டி இப்படி நேர்கோடா வடியாது. ஆனா புத்தகத் தொட்டி வேற, உங்க தொட்டி வேற. நான் அதைப் பாத்ததே இல்ல. நீங்க பக்கத்துல நின்னு பாத்துத்தானே எழுதினீங்க?”

ஒரு நொடிதான். “ஆமா. நின்னு பாத்தேன்” என்றான் கொக்கி.

“அப்ப பாத்தவங்க பேச்சுதான் பேச்சு.” டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்து, பென்சில் எழுத்துக்குப் பக்கத்திலேயே நீளமாக ஒரு டிக் போட்டார். இதுவரை விழுந்ததிலேயே பெரிய டிக். சிக்கவைக்கப் போட்டதாகத் தெரியவில்லை. நம்பித்தான் போட்டார். அதுதான் வம்பாகப் போயிற்று.

பஸ்ஸில் அவன் தாளை எடுத்துப் பார்க்கவில்லை. வீட்டில் மனைவி, “என்ன போட்டாங்க?” என்றாள். “போட்டாங்க” என்றான். “காட்டுங்களேன்.” “பைக்குள்ள அடியில இருக்கு, அப்புறம்.” அவள் ஊசியை நிறுத்தி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு அடுத்த கால்சட்டையை எடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கொக்கி திறப்பைத் திறந்தான். தண்ணீர் மேலேயிருந்து இறங்கிய வேகத்தில் தொட்டிச் சுவர் கருகருவென்று ஈரமாக வெளியே வந்தது. கழுத்தளவு, மார்பளவு, இடுப்பளவு. இடுப்புக்குக் கீழே வந்ததும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் தளர்ந்தது. முழங்கால். பிறகு அதைவிட மெதுவாக. கடைசிச் சாணுக்கு வந்ததும், வழக்கம்போல, தொட்டியக்கா வந்தாள்.

தொட்டிகளைத் தேய்க்கிற வேலையிலேயே நரைத்தவள் என்பதால் ஆலையில் எல்லோருக்கும் அவள் தொட்டியக்கா. இரண்டு முழங்காலும் கொடுக்காது. வந்ததும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பாதத்தை ஈரத்தரையிலிருந்து தூக்கி ஒரு வாளியின் விளிம்பில் வைத்துக்கொள்வாள். எதிரே கொக்கிக்கும் ஒன்று கவிழ்ந்திருக்கும். தண்ணீர் போய் முடிகிறவரை தேய்க்க முடியாது; செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலை மணியடித்ததிலிருந்து உடம்பு காத்துக்கொண்டிருக்கிற நேரம் அது. தோளை அவன் மெல்லச் சுழற்றிக்கொள்வான். அவள் மருமகனைத் திட்டுவாள். சில நாள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“இந்தத் தண்ணி இருக்கே, விருந்தாளி மாதிரி” என்றாள் அக்கா. “‘கெளம்பறேன்’னு டபக்குன்னு எழுந்திரிக்கும். அப்புறம் வாசல்ல நின்னுக்கிட்டு அரை நாள் பேசும்.”

கொக்கி கவிழ்த்த தொட்டியில் பாதி உட்கார்ந்தபடி நின்றுவிட்டான். இத்தனை வருஷமாக இந்த நேரத்தில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய தோளுக்கும் தெரியும், அக்காவின் முழங்காலுக்கும் தெரியும், தண்ணீர் கடைசியில் போகாது என்று. தாளை எடுத்து எழுத உட்கார்ந்ததும் அந்தத் தெரிந்த விஷயம் எங்கே போயிற்று? யாரும் அவனை ஏமாற்றச் சொல்லவில்லை. ஏமாற்றுகிறோம் என்றுகூட அவன் நினைக்கவில்லை. கணக்கு என்றால் நேராக இருக்க வேண்டும், தாள் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தான். தன்னுடைய சாயங்காலம் அதற்குள் நுழைய லாயக்கில்லாதது என்று நினைத்தான். அவ்வளவு அழகான அந்த நேர்கோட்டில் இரண்டு பேர் உட்கார இடமே இல்லை.

அடுத்த நாள் தொட்டி நிரம்பி இருந்தபோதே துணிமூட்டையில் குறிபோடும் மெழுகுக் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பக்கத்துக் கூடத்தில் உலர்த்தும் மெஷின் சில நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒரே இடைவெளியில், சுற்று முடிந்து மணியடிக்கும். மணி அடிக்கும்போதெல்லாம் ஏணியில் நின்று, தண்ணீர் நிற்கிற இடத்தில் சுவரில் ஒரு கோடு போட்டான். அக்கா சீக்கிரமே வந்துவிட்டாள்.

“என்ன தம்பி, சுவத்துல கிறுக்கற? புத்தி கலங்கிடுச்சா?”

“வீட்டுப்பாடம்க்கா.”

“இந்த வயசுல வாத்தியார் அடிக்கு பயந்து சுவரேறிட்டான் பாரு” என்று யாரும் இல்லாத கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கி, தோள் வலியில் அவன் குனிந்து எட்ட முடியாமல் திணறியபோது, “தள்ளு, குடு” என்று குச்சியை வாங்கிக்கொண்டு அவளே தொட்டிக்குள் இறங்கினாள். மணி அடித்தால் ஒரு கோடு. மணி அடித்தால் இன்னொரு கோடு. கீழே போகப் போகக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. கடைசிக் கோடுகளுக்கு நடுவே குச்சி நுழைய இடம் இல்லை.

எல்லாம் முடிந்து அக்கா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மேலே கைவிரித்த தூரத்தில் கோடு, கீழே சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகக் கோடு. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது.

“அடேங்கப்பா. நாம உக்கார்ற நேரம் இத்தனை பெருசா? ஒரு வாய் தண்ணி குடிக்கிற நேரம்னுல்ல நினைச்சேன்!”

அந்தச் சந்தோஷம் அப்படியே நின்று, மெதுவாக வேறொன்றாக மாறியது.

“இதை எழுதிக் குடுக்கப் போறியா?”

“டீச்சருக்கு.”

“டீச்சர் பாத்தா பாத்துட்டுப் போகட்டும். மேல சூப்பர்வைசர்கிட்ட காட்டாத. பாத்தா நாளைக்கே ஒரு பம்ப்பைக் கொண்டாந்து வெச்சு உறிஞ்சி எடுத்துடுவான். அப்புறம் உனக்கென்ன, நீ கண்ணாடி ரூமுல உக்காந்திருப்ப. நான் எங்க உக்கார்றது?”

கொக்கி பிரஷ்ஷை எடுத்தான். சுவரைத் தேய்க்க வேண்டியது அவன் வேலைதான். அன்றைக்குக் கோடுகளைச் சுற்றித் தேய்த்தான்.

வகுப்பில் புதுத் தாளை டீச்சரிடம் கொடுத்தான். இந்த முறை ஸ்கேலை எடுக்கவே இல்லை. கோடு மேலேயிருந்து சறுக்கி வந்து, போகப் போகத் தளர்ந்து, கடைசியில் கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. பழைய தாளையும் பக்கத்தில் வைத்தான். “அன்னைக்கு நின்னு பாத்தேன்னு சொன்னது பொய் டீச்சர். வீட்டுல உக்காந்து போட்டது. அந்த டிக்கை எடுத்துடுங்க.”

டீச்சர் முதலில் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. புதுத் தாள் மேல் குனிந்து, ஓரத்தில் பென்சிலால் என்னவோ கணக்கு போட்டு, அவன் கோட்டின் மேலேயே புள்ளிப் புள்ளியாக இன்னொரு கோடு வரைந்தார். முக்கால் தூரம் இரண்டும் ஒன்றாகவே வந்தன. கடைசிச் சாணில் பிரிந்தன. டீச்சரின் கோடு தரையைத் தொட்டு முடிந்துவிட்டது. கொக்கியின் கோடு இன்னும் போய்க்கொண்டிருந்தது.

“இங்க என் சூத்திரம் உங்க தொட்டியோட சேர மாட்டேங்குது. ஏன்?”

“நூலும் பஞ்சும் வந்து திறப்பு வாயில இருக்கிற சல்லடைய அடைக்கும். அதுவா இருக்கும்.”

“இல்ல, தொட்டியோட அடி ஒரு பக்கமா சாய்வோ?”

“இருக்கலாம். தெரியலையே.”

“எனக்கும் தெரியல” என்றார் டீச்சர். அதைச் சொல்லும்போது அவர் முகம் சுளிக்கவில்லை. வெயிலில் வந்தவர் தண்ணீர் மொண்டு குடித்த மாதிரி இருந்தது. கொக்கிக்கு அது வேடிக்கையாக இருந்தது. படித்தவர்களுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

பிறகுதான் பழைய தாளைப் பார்த்தார். “அண்ணா, இதுல டிக்கை வெட்டினா இந்தத் தாள் கணக்குல வராது. புதுசுக்கு மறுபடியும் உங்க சூப்பர்வைசர் கையெழுத்து வேணும். வாரக் கடைசில மார்க் லிஸ்டை அனுப்பிடணும். உங்களுக்கு இது எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும்.” பென்சிலைக் கீழே வைத்தார். “இருக்கட்டும்னு நீங்க சொன்னா, நானா எதுவும் கேக்க மாட்டேன்.”

பெரிய டிக் தாளில் பளபளவென்று கிடந்தது. அதை அப்படியே விட்டால் கண்ணாடி அறை, சுழலும் நாற்காலி, தோளுக்கு ஓய்வு. அக்காவுக்குக் கவிழ்த்த தொட்டி. யாருக்கும் ஒரு சேதாரமும் இல்லை. ஆனால் பையின் அடியிலேயே கிடக்கும், மனைவியிடம் காட்ட முடியாத ஒரு டிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பஸ் போர்டைத் தப்பாகப் படித்தால் அவள் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. ஏறி, தப்பான இடத்தில் இறங்கி, திரும்பி நடந்து வர விட்டிருக்கிறாள்.

“வெட்டிடுங்க டீச்சர்.”

டீச்சர் ஒரே கோடாக வெட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ், “அய்யோ, என்ன கொக்கிண்ணே! எனக்குக் குடுத்திருக்கலாமே அந்த டிக்கை” என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

மறுநாள் திறப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை கொக்கி அங்கேயே நின்றான். அக்கா வந்து உட்கார்ந்தாள். அவன் கையில் மடித்த தாளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“போறியா?”

“கையெழுத்து வேணும்க்கா. இல்லாட்டி பாஸ் இல்ல.”

“பழசை வெச்சிருக்க வேண்டியதுதானே? அழகா நேரா இருந்துச்சுன்னு சொன்னியே.”

“அதுல நாம இல்லக்கா.”

அக்கா வாளி விளிம்பில் வைத்த பாதத்தைக் கையால் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமலே, “போ. என்னைக் கேட்டான்னா, அக்கா அந்த நேரத்துல கண்ண மூடி ஆலை நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருப்பான்னு சொல்லு” என்றாள். கொக்கி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசரின் அறை இரும்புப் படிக்கு மேலே. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். கீழே கூடம் தெரியும், தொட்டியும் தெரியும், ஆனால் மேசை ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் போட்டிருக்கும். அவர் வயிற்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மேலே இருக்கிறவர்களோடு போனில் பேசி முடித்த பிறகு அவர் முகம் எப்போதும் அப்படித்தான், கசக்கிப் பிழிந்த துண்டு மாதிரி இருக்கும்.

“மறுபடியுமா? போன தடவை போட்டது பத்தாதா?”

“அது தப்பாப் போச்சு சார். புதுசா எழுதினேன்.”

அவர் பேனா மூடியைக் கழற்றி, அடியில் இடம் தேடினார். கோடு அடிவரை வந்து நீளமாகப் படுத்துக்கிடந்ததால் இடம் சட்டென்று கிடைக்கவில்லை. அதனால் தாளை முழுதாக விரிக்க வேண்டியதாயிற்று. விரித்ததால் பார்க்க வேண்டியதாயிற்று.

“இது நம்ம தொட்டியா?”

“ஆமா சார்.”

“இது நேரம். இது உயரம்.” அவர் விரல் மேலேயிருந்து கோட்டோடு சறுக்கி வந்தது. அவர் முன்பு எப்போதோ இப்படிப் படித்திருக்க வேண்டும். விரலுக்கு வழி தெரிந்திருந்தது. தளர்ந்த இடத்தில் விரலும் தளர்ந்தது. புள்ளிகள் நெருங்கிய இடத்தில் நின்றது. டீச்சர் பென்சிலால் போட்டிருந்த சின்னக் கேள்விக்குறியைச் சுற்றி ஒரு முறை நகர்ந்தது.

“இவ்வளவு நேரமா ஆகுது?”

“ஆமா சார்.”

“இந்த நேரத்துல நீ என்ன பண்ணுவ?”

அதே கேள்வி. அன்றைக்குப் பென்சிலில் பார்த்தபோது காது மடல் சுட்டது. இப்போது முதுகு சில்லிட்டது. கோபமாகக் கேட்கிறாரா, தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா என்று அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. தரையைக் கூட்டுவோம், மூட்டையை அடுக்குவோம், பிரஷ்ஷைக் கழுவுவோம் என்று வரிசையாகப் பதில்கள் வந்து நின்றன. எல்லாம் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தன.

“உக்காருவோம் சார்” என்றான் கொக்கி.

சூப்பர்வைசர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கையில் பேனா திறந்தபடி இருந்தது. தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து, முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்குப் போனார். கொக்கியும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

கீழே அக்கா கவிழ்த்த தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு காலையும் நீட்டி வாளியின் விளிம்பில் வைத்து, தலையைச் சுவரில் சாய்த்து, உண்மையிலேயே கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கு எதிரே இன்னொரு தொட்டி கவிழ்ந்து காலியாக இருந்தது. தொட்டிச் சுவரில் மெழுகுக் கோடுகள் மேலே விலகியும் கீழே நெருங்கியும் நின்றன. எல்லாக் கோட்டுக்கும் அடியில், சல்லடையைச் சுற்றி, கடைசித் தண்ணீர் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. ஏதோ ஒரு விரிப்பிலிருந்து பிரிந்த நீல நூல் ஒன்று அதோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது; உள்ளே போகவும் இல்லை, நிற்கவும் இல்லை.